போன் காரோடு சேரவில்லையா? செட்டை மாற்றும் முன் பாருங்கள்

தேவகோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. ஏழு வருடக் கார், கம்பெனியே பூட்டிக் கொடுத்த பாட்டு செட், போன் அதோடு புளூடூத்தில் சேர்வது. பழைய போனோடு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. போன மாதம் புதுப் போன் வாங்கினார். அது முதல் நாள் சேர்ந்தது, இரண்டு நாள் ஓடியது, அப்புறம் தானாகச் சேர்வதே இல்லை. கையால் சேர்த்தால் அழைப்பு மட்டும் வருகிறது, பாட்டு வருவதில்லை. ஷோரூமில் கேட்டால் போன் கோளாறு என்கிறார்கள், போன் கடையில் கேட்டால் கார் கோளாறு என்கிறார்கள். “பேசாமல் ஆண்ட்ராய்டு செட் ஒன்று வாங்கிப் பூட்டிவிடலாமா அண்ணே? பழைய போன் பையனிடம் இருக்கிறது, அதுவும் வேண்டுமென்றால் எடுத்து வருகிறேன்” என்று முடித்திருக்கிறார்.

தம்பி, செட்டை மாற்ற வேண்டாம். காரைக்குடியில் செட் பூட்டுவதும் ஒயரிங் பார்ப்பதும்தான் என் தொழில், செட் விற்றால் எனக்குத்தான் லாபம், அப்படியிருந்தும் சொல்கிறேன். நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன அந்தப் பழைய போன் விஷயம்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. பையன் அதைக் காருக்குள் கொண்டுவந்து விளையாடுகிறானா? வீட்டு முகப்பில் திண்ணையில் உட்கார்ந்து வீடியோ பார்க்கிறானா, கார் வாசலில் நிற்கிறதா? அப்படியானால் உங்கள் செட் பழைய சிநேகிதத்தை விடவில்லை. சாவியைத் திருப்பியதும் அது தன் பட்டியலில் இருக்கும் போன்களை ஒவ்வொன்றாகத் தேடும், முதலில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். பல செட்டுகள் அழைப்புக்கு ஒரு போனையும் பாட்டுக்கு இன்னொரு போனையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கும். புதுப் போனில் அழைப்பு வந்து பாட்டு மட்டும் வராமல் இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை. புளூடூத் சாதாரணமாகப் பத்து மீட்டர் எட்டும். வீட்டுக்கு உள்ளே பின்கட்டில் இருக்கும் போன், நம் ஊர் வீட்டுச் சுவரின் கனத்தைத் தாண்டி வராது. முகப்பில் இருக்கும் போன் வாசலில் நிற்கும் காருக்கு நன்றாகவே எட்டும்.

அதனால் முதல் வேலை, பையன் போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அதிலேயே பாட்டு வந்துவிட்டால் பட்டியலில் இருந்து பழைய போனை நீக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். வராவிட்டால் கீழே உள்ளது.

எதையும் தொடுவதற்கு முன்னால் குற்றம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வீட்டில் வேறு ஒருவர் போனை வாங்கி உங்கள் காரில் சேர்த்துப் பாருங்கள். உங்கள் போனை வேறு ஒருவர் காரிலோ புளூடூத் ஸ்பீக்கரிலோ சேர்த்துப் பாருங்கள். இரண்டும் சேர்த்துப் பத்து நிமிடம். மற்றவர் போன் உங்கள் காரில் ஒழுங்காக ஓடினால் செட்டில் குறை இல்லை. உங்கள் போன் மற்ற காரில் ஒழுங்காக ஓடினால் போனிலும் குறை இல்லை. இரண்டும் சரியாக இருந்து, இந்த இரண்டுக்கும் இடையில் மட்டும் ஒத்துவரவில்லை என்றால் (பெரும்பாலும் இதுதான் நடக்கும்) இரண்டு பக்கமும் எழுதி வைத்திருக்கும் கணக்கில்தான் பிழை.

அந்தக் கணக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன், புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதல்முறை சேரும்போது போனும் செட்டும் ஆறு இலக்க எண்ணைக் காட்டி ‘இதுதானா’ என்று கேட்கின்றன அல்லவா, அந்த நேரத்தில் இரண்டும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. மறுநாள் அந்தச் சாவி ஒத்துப்போனால்தான் தானாகச் சேரும். நாம் செய்யும் தவறு, போனில் மட்டும் ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டுத் திரும்பச் சேர்ப்பது. செட்டில் பழைய சாவி அப்படியே கிடக்கும். பொதுவீட்டுக்குப் பூட்டை மாற்றிவிட்டு, பங்காளியிடம் சொல்லாமல் விட்டால் அவர் பழைய சாவியோடு வாசலில் நின்று திருப்பிக்கொண்டே இருப்பார் இல்லையா, அந்தக் கதைதான். சில செட் தானே பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொள்ளும். சில செட் குழம்பிப்போய் அரைகுறையாகச் சேரும். போனில் பெரிய அப்டேட் வந்த மறுநாள் இந்தத் தொல்லை கிளம்புவதும் உண்டு.

ஆக, இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும். போனில் புளூடூத்தை முதலில் அணையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் செட்டில் அழிக்கும்போதே அது மறுபடி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். செட்டில் புளூடூத் பட்டியலுக்குப் போய் உங்கள் போனை மட்டுமல்ல, அங்கே இருக்கும் எல்லாவற்றையும் நீக்குங்கள். அப்புறம் போனில் காரின் பெயரை எடுத்து ‘ஃபர்கெட்’ அல்லது ‘அன்பேர்’. போனை ஒருமுறை அணைத்துத் திறங்கள். காரையும் அணையுங்கள், ஆனால் சாவியை எடுத்த உடனே மறுபடி போடாதீர்கள். இப்போதைய செட்டுகள் சாவியை எடுத்தால் முழுக்க அணைவதில்லை, கண்ணை மூடிக்கொண்டு தூங்குகின்றன, அவ்வளவுதான். இறங்கி, கதவைப் பூட்டி, ஒரு காபி குடித்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வாருங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

திரும்பி வந்து எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு சேருங்கள். வண்டி நிற்க வேண்டும், ஓடும்போது பல செட்டுகள் புதுப் போனைச் சேர்க்க விடாது. எண் ஒத்திருக்கிறதா என்று பார்த்து இரண்டு பக்கமும் ஓகே கொடுங்கள். பழைய செட் எண் கேட்டால் 0000 அல்லது 1234 பெரும்பாலும் வேலை செய்யும். அதோடு முடியவில்லை. அடுத்த நொடியில் போனின் மேல்பக்கம் ‘தொடர்புகளையும் அழைப்புப் பட்டியலையும் பார்க்க அனுமதிக்கவா’ என்று ஒரு சின்னக் கேள்வி வரும், நாம் அப்போது செட்டையே பார்த்துக்கொண்டிருப்போம், அது வந்து போய்விடும். அதைத் தவறவிட்டால் அழைப்பு வரும், பெயர் வராது.

இப்போது பாட்டு. நிறையப் பேர் புளூடூத் என்பதை ஒற்றைக் கம்பி மாதிரி நினைக்கிறார்கள், ‘கனெக்டட்’ என்று வந்துவிட்டால் எல்லாம் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். உள்ளே தனித்தனி வழிகள் உண்டு. அழைப்புக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, ஸ்டீயரிங் பட்டனால் அடுத்த பாட்டுக்குத் தாவுவதற்கும் பாட்டின் பெயர் தெரிவதற்கும் ஒன்று, போன் புத்தகத்துக்கு ஒன்று. ஒன்று திறந்து ஒன்று மூடியிருக்கலாம். ஆண்ட்ராய்டில் காரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தட்டினால் ‘போன் கால்ஸ்’, ‘மீடியா ஆடியோ’, ‘கான்டாக்ட்ஸ்’ என்று தனித்தனிச் சுவிட்ச் இருக்கும். அதில் மீடியா அணைந்திருந்தால் சாமி வந்து சொன்னாலும் பாட்டு வராது. அது சரியாக இருந்தால், செட்டில் ரேடியோவில் நிற்காமல் புளூடூத் ஆடியோவுக்கு மாற்றினீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், போன வாரம்கூட இதற்காகக் கோட்டையூரில் இருந்து ஒருவர் வண்டி எடுத்துக்கொண்டு வந்தார். காசு வாங்கவில்லை.

சத்தம் மட்டும் மிகக் குறைவாக வந்தால், போனின் ஒலியளவு வேறு செட்டின் ஒலியளவு வேறு என்பதை நினைவில் வையுங்கள். போனில் கிட்டத்தட்ட முழுதாக ஏற்றிவிட்டு, செட்டில் கூட்டிக் குறையுங்கள். ஆண்ட்ராய்டில் இதற்கென்று ஒரு மறைவான சுவிட்ச் உண்டு. ‘அபவுட் போன்’ பகுதியில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் ‘டிசேபிள் அப்சல்யூட் வால்யூம்’ என்று ஒன்று. அதைப் போட்டால் இரண்டு ஒலியளவும் பிரிந்துவிடும். அதே இடத்தில் ஏவிஆர்சிபி வெர்ஷன் என்று ஒன்று இருக்கும், பழைய செட்டில் பாட்டின் பெயர் வராமலோ அடுத்த பாட்டுக்குத் தாவாமலோ இருந்தால் எண்ணை ஒரு படி இறக்கி, மறுபடி சேர்த்துப் பார்க்கலாம். மற்ற எதையும் அங்கே தொடாதீர்கள்.

ஐபோன்காரர்களுக்கு ஒன்று. மேலிருந்து இழுத்து வரும் பலகையில் புளூடூத்தைத் தட்டினால் அது உண்மையில் அணைவதில்லை, அப்போதைக்கு இணைப்பை மட்டும் அறுத்துவிட்டு மறுநாள் தானே திரும்பிவிடும். முழுக்க அணைக்க செட்டிங்ஸுக்குள் போக வேண்டும். எதுவும் சரிவரவில்லை என்றால் நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட் இருக்கிறது, ஆண்ட்ராய்டிலும் வைஃபை, புளூடூத் ரீசெட் இருக்கிறது. போட்டோவோ செய்தியோ போகாது, ஆனால் இரண்டிலும் வீட்டு வைஃபை கடவுச்சொல் எல்லாம் மறந்துவிடும், முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் நிறைவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இது அதிகம். கானாடுகாத்தான் அரண்மனையும் ஆத்தங்குடி டைல்ஸும் பார்க்க வரும் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு ஓடும் வாடகை வண்டி ஒன்று. ஏறுகிறவர்கள் எல்லாம் ‘அண்ணா, என் பாட்டைப் போடலாமா’ என்று தங்கள் போனைச் சேர்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு நாள் டிரைவர் தம்பியின் சொந்தப் போனே சேரவில்லை. எடுத்துப் பார்த்தால் செட் பத்து போன்தான் வைத்துக்கொள்ளும், பத்து இடத்திலும் ஊர் ஊராகப் போனவர்களின் பெயர். சில செட்டுக்கு ஐந்துதான். நிறைந்துவிட்டால் சில செட் பழையதைத் தள்ளிவிட்டு இடம் கொடுக்கும், சில செட் காரணமே சொல்லாமல் மறுக்கும். அதோடு, அந்தச் செட்டில் யாரோ ஒருவரின் முழுப் போன் புத்தகமும் அப்படியே கிடந்தது. வண்டியை விற்கும்போதும், வாடகை வண்டியை விட்டு இறங்கும்போதும் உங்கள் பெயரை அழித்துவிட்டு இறங்குங்கள்.

போன் புத்தகம் என்றதும், இங்கே அடிக்கடி வரும் இன்னொரு புகார்: பெயர் வரும் இடத்தில் கட்டம் கட்டமாக வருகிறது. பெயர்களைத் தமிழில் சேமித்து வைத்திருப்பீர்கள், அந்தச் செட்டுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கோளாறு இல்லை, அடிக்கடி அழைக்கும் பத்துப் பேரை மட்டும் ஆங்கில எழுத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குச் சொல்லும் பட்டியல் முழுவதும் போனில் வைத்திருக்கும் வீடுகளில், செட் ஓர் அளவுக்கு மேல் எண்களை இறக்காமல் பாதியில் நிறுத்திவிடுவதும் உண்டு.

அடுத்து, சேர்கிறது ஆனால் பாட்டு விட்டு விட்டு வருகிறது என்பவர்களுக்கு. புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். கார் செட்டுக்குப் பயன்படும் வகை அதில் 79 தடங்களை வைத்துக்கொண்டு நொடிக்கு 1600 தடவை தடம் மாறி ஓடுகிறது, நெரிசலில் மாட்டாமல் தப்பிக்க. ஆனால் அதே தெருவில் வைஃபையும் ஓடுகிறது. பின்சீட்டில் பிள்ளைகள் ஹாட்ஸ்பாட்டில் படம் பார்க்கிறார்கள், முன்னால் டேஷ்கேம் வைஃபை ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் தப்பிக்க இடம் குறைந்துபோகும். ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். லைட்டர் ஓட்டையில் செருகிய மலிவுச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள், சில சார்ஜர் கிளப்பும் இரைச்சலில் ரேடியோகூடக் கேட்காது. போனை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நம் உடம்பில் இருக்கும் தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிவிடும், பின்பாக்கெட்டில் வைத்து மேலே உட்கார்ந்தால் இணைப்பு திணறும். எவர்சில்வர் டிபன் கேரியர் இருக்கும் கூடைக்குள் போட்டாலும் அப்படித்தான். சித்திரை வெயிலில் கண்ணாடிக்குக் கீழே ஸ்டாண்டில் வைத்தால் போன் கொதித்துப்போய்த் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஏசி காற்று படும் இடத்தில் வையுங்கள்.

இனி ஒயர் சம்பந்தப்பட்டது, என் பக்கத்து விஷயம். பள்ளத்தூரில் இருந்து ஒருவர் வந்தார், வெளியில் வாங்கிப் பூட்டிய செட். தினமும் காலையில் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது, கடிகாரமும் தினமும் பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிக்கிறது என்றார். போனில் செய்ய வேண்டியது எல்லாம் செய்து பார்த்துச் சலித்துப்போயிருந்தார். கடிகாரம் என்று அவர் சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. செட்டுக்குப் பின்னால் மின்சாரம் கொடுக்க மூன்று ஒயர். மஞ்சள் எப்போதும் பேட்டரியில் இருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும், நினைவை வைத்திருப்பது அதுதான். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் வருவது. கறுப்பு எர்த். செட்டை இழுத்துப் பார்த்தால், பூட்டியவர் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றி, சாவி லைனில் கொடுத்திருக்கிறார். சாவியை எடுத்தால் செட்டுக்குச் செத்துப் பிழைத்த மாதிரி, ஒன்றும் ஞாபகம் இருக்காது. மீட்டரை வைத்து சாவி இல்லாமலே 12 வோல்ட் வரும் லைனைத் தேடி மஞ்சளை அதில் கொடுத்து, பியூஸ் போட்டு, சிவப்பைத் தனியாகப் பிரித்தேன். கால் மணி நேர வேலை. அவர் நான்கு மாதம் தினமும் காலையில் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வெளியில் பூட்டிய செட் வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷனும் மறந்துபோனால் போன் மேல் பழி போடாதீர்கள். கம்பெனி செட்டாக இருந்தால் நினைவுக்கான பியூஸ் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரியும் இதே மாதிரி வேலை செய்யும். நம் பக்கம் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, சென்னையில் இருப்பவர்கள் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான் வருகிறார்கள், காரைக் கொட்டகையில் மாதக்கணக்கில் விட்டுவிட்டுப் போகிறார்கள். வந்து ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி தள்ளாடி எழுந்திருக்கும். அந்த நேரத்தில் வோல்டேஜ் சரிந்து செட் பாதி விழித்த நிலையில் அணைந்து மறுபடி ஏறும், புளூடூத் ஏறுகிறதா இல்லையா என்பது அதன் மனநிலையைப் பொறுத்தது. எஞ்சினை அணைத்து வண்டி நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் நல்ல பேட்டரி, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 9.6க்குக் கீழே போனால் பேட்டரியைச் சோதிக்கக் கொடுங்கள். மின்வேதியியலுக்கென்றே 1948இல் அடிக்கல் நாட்டிய சிக்ரி ஆராய்ச்சி நிலையத்தை வைத்திருக்கும் ஊரில், கார் பேட்டரியின் துருப்பிடித்த முனையைச் சுத்தம் செய்ய ஆளில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். வெந்நீரை ஊற்றித் துடைத்து, இறுக்கி, கொஞ்சம் வாஸ்லின் தடவினாலே பல பேட்டரிகள் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். பேட்டரியைக் கழற்றினால் சில பழைய கம்பெனி செட் திறப்பு எண் கேட்கும், அந்த எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

எதிர்முனையில் இருப்பவர் ‘கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது’ என்றால் அது புளூடூத் இல்லை, மைக். வெளிச்செட்டில் மைக்கை ஏசி காற்று வரும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். கண்ணாடி ஓரத் தூணின் மேல்பக்கம், வாய்க்கு நேராக மாற்றச் சொல்லுங்கள். பேசும்போது புளோயரைக் குறையுங்கள்.

ஒயர் இல்லாத ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே வைத்திருப்பவர்கள் குழம்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அது புளூடூத்தில் கைகுலுக்கிவிட்டு வைஃபைக்கு மாறி ஓடுவது. ஆகவே போனில் வைஃபையை அணைத்து வைத்தால் அது வராது, வீட்டு வாசலில் போன் வீட்டு வைஃபையோடு இழுபறி செய்தாலும் தடுமாறும். கேபிள் போட்டு ஆண்ட்ராய்டு ஆட்டோ ஓட்டினாலும் அழைப்பு புளூடூத்தில்தான் போகும், அதனால் கேபிள் இருக்கிறதே என்று புளூடூத்தை அணைக்காதீர்கள். மேப் சொல்வது மட்டும் காரில் கேட்கவில்லை என்றால் கூகுள் மேப் செட்டிங்ஸில் குரலை புளூடூத்தில் ஒலிக்கச் சொல்லும் சுவிட்ச் இருக்கிறது. காதில் மாட்டும் பட்ஸின் பெட்டி பையில் சரியாக மூடாமல் கிடந்தால் குரலும் பாட்டும் அதற்குள் போய்விடும், இதையும் பார்த்திருக்கிறேன்.

புளூடூத்தே இல்லாத பழைய அம்பாசிடரை இன்னும் ஆசையாக வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்கு, போனின் பாட்டைக் காரின் எஃப்எம் ரேடியோவுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் ஒன்று லைட்டரில் செருகினால் போதும். கோடை பண்பலை 100.5இல் இங்கே நன்றாக வருவதால் அதைவிட்டுத் தள்ளி, காலியான ஓர் எண்ணில் வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பாட்டுக்கு நடுவே விவசாயச் செய்தி வரும்.

தம்பி, உங்களுக்கு இதில் பாதி வேண்டியதில்லை. பையன் போனை அணைத்து ஒரு நாள், அதில் சரியாகாவிட்டால் இரண்டு பக்கமும் அழித்துப் பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி சேர்ப்பது. அதன் பிறகும் வராவிட்டால் ஷோரூமில் செட்டுக்கு மென்பொருள் அப்டேட் வந்திருக்கிறதா என்று கேளுங்கள், ஏழு வருடச் செட் புதுப் போனைப் புரிந்துகொள்ள அது தேவைப்படலாம். எல்லாம் செய்தும் வேறு எந்தப் போனும் சேராமல் போனால் மட்டும் உள்ளே புளூடூத் பகுதி போயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது வண்டியைக் கொண்டு வாருங்கள். வரும்போது பழைய போன், புதுப் போன் இரண்டையும் எடுத்து வாருங்கள், பையனையும் கூட்டி வந்தால் இன்னும் நல்லது, அந்தப் போனில் என்னென்ன செய்து வைத்திருக்கிறான் என்று அவனுக்குத்தான் தெரியும்.